ஃபிர்மினாவின் மூக்கும் அடெய்ல்டோவின் கணுக்காலும்

பிரேசிலில் எங்கள் ஊர் ஓலிண்டாவில் அடெய்ல்டோவைத் தெரியாதவர்கள் இல்லை. அவர் முகத்தைத் தெரிந்தவர்கள்தான் குறைவு. கார்னிவலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளிலும் கார்னிவல் நாட்களிலும் அவர் ஒரு பாவாடைக்குள் இருப்பார்.

அந்தப் பாவாடை ஃபிர்மினா சீமாட்டியுடையது. ஃபிர்மினா மூன்றரை மீட்டர் உயரப் பொம்மை. காகிதக்கூழில் செய்த தலை, மரச்சட்ட உடம்பு, பக்கத்தில் நிற்பவர்களை அறையும் நீளத்துக்கு இரண்டு தொங்கு கைகள், எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து சேரும் ஒரு மூக்கு. மொத்தம் முப்பத்தைந்து கிலோ. பித்தளை வாத்தியங்கள் ஃப்ரெவோ என்ற துள்ளாட்ட இசையை ஆரம்பித்ததும் ஊரே குட்டிக் குடையைத் தூக்கிக்கொண்டு குதிக்கும். ஃபிர்மினா நடுவில் கிறுகிறுவென்று சுற்றுவாள். சுற்றுவது அடெய்ல்டோ, பேர் அவளுக்கு.

மற்ற நாட்களில் அடெய்ல்டோ டைல்ஸ் ஒட்டுவார். யாரிடமும் சம்பளம் வாங்கும் ஆள் இல்லை, சொந்தத் தொழில். சாந்தின் மேல் டைலை வைத்து, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். உள்ளே காற்று நின்றுவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். “முப்பத்தொம்பது வயசுல பாதி வயசு மண்டி போட்டே போச்சு. கோயில்ல இல்ல, கக்கூஸ்ல” என்பாள் அவர் மனைவி லிண்டினால்வா. அவள் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. அவள் சம்பளத்தில் அரிசியும் பீன்ஸும் வரும், அவர் முழங்காலில் மற்றதெல்லாம் வரும்.

லிண்டினால்வாவின் தங்கை எட்ஜானிக்கு இரண்டு வியாபாரம். கொய்யா ஜாம் தடவிய சுருள் கேக் விற்பாள், இன்சூரன்ஸ் விற்பாள். இரண்டும் ஒரே பையில் இருக்கும். அதனால் அவள் தரும் விண்ணப்பங்களில் கொய்யா ஜாம் வாசனை அடிக்கும். நான் ஏழு வருடம் ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, அடெய்ல்டோ வீட்டு மாடியில் ஒரு அறை எடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழே எனக்கும் ஒரு தட்டு உண்டு. அந்தச் சாப்பாட்டு மேசையில் வாராவாரம் ஒரே சண்டைதான்.

“மச்சான், உங்க பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கா?” என்பாள் எட்ஜானி.

“இருக்கு.”

“போனுக்கு?”

“அதுக்கும் இருக்கு. போன கார்னிவல்ல ரெண்டு போன் போச்சே.”

“பைக்கை எந்தக் காசுல வாங்கினீங்க?”

“டைல்ஸ் ஒட்டின காசுல.”

“டைல்ஸ் ஒட்டினது யாரு? பைக்கா, போனா?”

“மச்சினி, பீன்ஸ் ஆறுது.”

“ஆறட்டும். ஃபிர்மினாவுக்கு இருக்கே, அதாவது தெரியுமா உங்களுக்கு?”

அது உண்மை. முன்பு ஒருமுறை லாரியில் ரெசிஃபேவுக்குப் போகும்போது பழைய தலை பாலத்தில் இடித்து நொறுங்கியது. அன்றைக்கே, ஃபிர்மினாவை வைத்திருக்கும் கார்னிவல் சங்கத்தின் தலைவர் இல்டெப்ராண்டோ புதுத் தலைக்கு இன்சூரன்ஸ் எடுத்துவிட்டார். தீ, திருட்டு, மழை, கீழே விழுதல், எல்லாம் சேர்த்து.

“பொம்மைக்கு இன்சூரன்ஸ், பொம்மைக்குக் கீழ இருக்கிற ஆளுக்கு இல்ல. இதை வெளியில சொன்னா சிரிப்பாங்க மச்சான். நான் சாவுக்கு எழுதச் சொல்லல. நீங்க செத்தா அக்கா வேற கல்யாணம் பண்ணிக்குவா.”

“பண்ணிக்குவேன்” என்றாள் லிண்டினால்வா, தட்டைப் பார்த்தபடி.

“சாகாம, கை கால் போய் வீட்ல உக்காந்துட்டா என்ன பண்ணுவீங்க? அதுக்குத்தான் சொல்றேன். வேலைக்குப் போகமுடியாத ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவுன்னு கம்பெனி குடுக்கும். அது வேணாம்னா, சொந்தத் தொழில்காரங்க அரசாங்கத்துக்குக் கட்டுற மாசச் சந்தாவையாவது கட்டுங்க. விழுந்தா மாசம் ஒரு அடிப்படைக் கூலியாவது வரும். ரெண்டு மாசம் கட்டிட்டு விட்டுட்டீங்களே.”

“கார்னிவல் முடியட்டும்” என்றார் அடெய்ல்டோ.

எங்கள் ஊரில் எல்லா நல்ல காரியங்களும் கார்னிவல் முடிந்த பிறகுதான். பல் பிடுங்குவது, கடன் அடைப்பது, கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்வது எல்லாம் அப்படித்தான். கார்னிவல் முடிந்ததும் அடுத்த கார்னிவல் தொடங்கிவிடும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் அடெய்ல்டோ விளையாட்டுத்தனமாக மட்டும் மறுக்கவில்லை. அவரிடம் ஒரு தத்துவம் இருந்தது. “எனக்குத் தெரு இருக்கு மச்சினி. விழுந்தா குலுக்கல் போடுவாங்க.”

குலுக்கல் எங்கள் தெருவின் பழைய வழக்கம். ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் நூறு கட்டம் போடுவார். ஒரு கட்டம் பத்து ரேயாய்ஸ். பரிசாக ஒரு மின்விசிறியோ சேவலோ வைப்பார். கட்டம் வாங்கியவர்களின் பேரைக் குலுக்கி ஒருவருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தைப் படுத்தவரிடம் கொடுப்பார்கள். பேக்கரிக்காரருக்குக் குடலிறக்கம் வந்தபோது ஒரு ஆட்டுக்குட்டிதான் அவர் குடும்பத்தை ஒரு மாதம் காப்பாற்றியது. அதைப் பார்த்த மனிதர் குலுக்கலை நம்பியதில் தப்பே இல்லை.

“எல்லாரும் ஒரே நாள்ல விழுந்தா?” என்றாள் எட்ஜானி.

“எல்லாரும் ஒரே நாள்ல விழ இது என்ன, படகா?”

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். எட்ஜானி கோபத்தில் தன் கேக்கைத் தானே ஒரு துண்டு வெட்டித் தின்றாள்.

ஜனவரிக் கடைசி ஞாயிறு. காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. மிஸெரிகோர்தியா சரிவில் கற்கள் மீன்செதில் மாதிரி மினுங்கின. ஃபிர்மினா மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். அடெய்ல்டோ பாவாடையின் வயிற்றில் உள்ள ஓட்டை வழியாக ஒரு தட்டு அளவு உலகத்தைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தார். வாத்தியக் குழு உச்சத்தில் இருந்தது. அப்போது சரிவின் தலைமாட்டில் எலுமிச்சை வியாபாரி நிவால்டோவின் கூடை கவிழ்ந்தது.

எலுமிச்சை உருளத் தெரிந்த பழம். நூற்றுக்கணக்கில் அவை டகடகவென்று குதித்துக்கொண்டு, தாளம் தப்பாமல், கூட்டத்தின் கால்களுக்குள் இறங்கின. முதலில் முடிதிருத்தும் சுலெய்தி. காற்றில் எம்பிக் கத்தரி போல் கால் விரித்தவள் இறங்கும் இடத்தில் எலுமிச்சை இருந்தது. மணிக்கட்டு போனது. அடுத்தது டிராம்போன் வாசிக்கும் ஜோசுவெல். குழல் முதலில் தரையில் முட்ட, அது அவர் உதட்டைக் கிழித்தது. தன் எலுமிச்சைகளைத் துரத்திக்கொண்டு ஓடிவந்த நிவால்டோவுக்குத் தோள்பட்டை எலும்பு. கடைசியாக, ஓட்டைக்குக் கீழே என்ன உருள்கிறது என்று பார்க்க வழியில்லாத அடெய்ல்டோ. ஃபிர்மினா ஒரு கணம் வானத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், பிறகு மூக்கால் தரையைத் தொட்டாள்.

“ஐயோ ஃபிர்மினா!” என்று முந்நூறு பேர் கத்தினார்கள்.

பத்துப் பேர் ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். ஒருவர் தலையைத் தாங்கினார், ஒருவர் கையைத் தடவினார், ஒருத்தி கைக்குட்டையால் கன்னத்துச் சேற்றைத் துடைத்தாள். தலைவர் இல்டெப்ராண்டோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, “மூக்கு! மூக்கு போச்சே!” என்று அலறினார்.

பாவாடைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “தலைவரே, கால்!”

“காலுக்கு ஒண்ணும் இல்லப்பா, அவளுக்குக் காலே கிடையாது!”

“என் கால், தலைவரே!”

அப்போதுதான் பாவாடையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

வலது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு, பத்து வாரம் காலை ஊன்றக்கூடாது என்றார்கள். டைல்ஸ்காரருக்குக் கணுக்கால் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கும் புரிந்தது. மண்டி போட வேண்டுமென்றால் பாதத்தை மடக்கி அதன் மேல் உட்கார வேண்டும். கை இரண்டும் நன்றாக இருந்தது. தட்டிக் கேட்கும் காதும் நன்றாக இருந்தது. ஆனாலும் மனிதர் வேலைக்கு ஆகமாட்டார்.

அந்த நேரம் அவர் கையில் ஒரு பெரிய வேலை இருந்தது. கடலோரத்தில் ஒரு விடுதி, பதினான்கு குளியலறைகள். கார்னிவல் முடிந்த மறுநாள், சாம்பல் புதன் அன்று தொடங்க வேண்டும். ஈஸ்டர் வரைக்கும் வேலை, டிசம்பர் வரைக்கும் சாப்பாடு.

“பயப்படாதடி” என்றார் அவர் லிண்டினால்வாவிடம். “தெரு இருக்கு.”

தெரு இருந்தது. வேலை இல்லாமலும் கால் ஓயாமலும் இருந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். அடெய்ல்டோ குலுக்கலுக்குப் பரிசு பிரஷர் குக்கர். நான் நூறு கட்டம் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், எதிரே சுலெய்தியின் மகள் நூறு கட்டத்தோடு வருகிறாள். பரிசு, ஒரு சேவல். அவளுக்குப் பின்னால் ஜோசுவெலின் அண்ணன், பரிசு மின்விசிறி. அவனுக்கும் பின்னால் ஒற்றைத் தோளோடு நிவால்டோ தானே வருகிறார். பரிசு, இருநூறு எலுமிச்சை.

“எலுமிச்சையா?” என்றேன்.

“என்கிட்ட வேற என்ன இருக்கு? உருண்டதுல பொறுக்கினதுதான். தோல் மட்டும் கொஞ்சம் கன்னியிருக்கும்.”

ஒரு தெருவில் நாற்பது வீடு. நான்கு குலுக்கல், நானூறு கட்டம். சுலெய்தி அடெய்ல்டோவிடம் இரண்டு கட்டம் வாங்கினாள். அந்த இருபது ரேயாய்ஸை அடெய்ல்டோ ஜோசுவெலுக்குக் கொடுத்தார், வாங்காமல் இருந்தால் மரியாதை இல்லை. ஜோசுவெல், உதடு வீங்கியிருந்ததால் சைகை காட்டியபடி, அதை நிவால்டோவுக்குக் கொடுத்தார். நிவால்டோ சுலெய்தியிடம் கொடுத்தார். அந்த இருபது ரேயாய்ஸ் தாளின் மூலையில் யாரோ நீல மையில் ஒரு இதயம் வரைந்திருந்தார்கள். ஒரு வாரத்தில் அதே தாள் நான்கு முறை என் கையைத் தாண்டிப் போனது. நான்காம் முறை அதைப் பார்த்து, “வாப்பா, சாப்பிட்டியா?” என்று கேட்டேன்.

குலுக்கல் முடிந்தது. வாங்கியதற்கெல்லாம் திருப்பி வாங்கியது போக அடெய்ல்டோ கையில் நின்றது தொண்ணூறு ரேயாய்ஸ். குக்கரின் விலை நூற்றிருபது. அது போகட்டும் என்றால், நிவால்டோவின் குலுக்கலில் பரிசு அடெய்ல்டோவுக்கே விழுந்தது. இரண்டு சாக்கு எலுமிச்சை வாசலில் வந்து இறங்கியது.

லிண்டினால்வா இடுப்பில் கை வைத்து அவற்றைப் பார்த்தாள். “இதுல விழுந்தது போதாதுன்னு வீட்டுக்கே வரவழைச்சியா?”

“தெரு மேல தப்பில்லடி. எல்லாரும் விழுந்துட்டாங்க.”

“எட்ஜானி வரா. அதை அவகிட்டச் சொல்லு.”

எட்ஜானி வந்தாள். ஒரு எலுமிச்சையை எடுத்துப் பிழிந்து, சர்க்கரை போட்டு, ஐஸ் போட்டு, மச்சான் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். அயர்ன் செய்த சட்டை, அளவு நாடா, டார்ச். ஃபிர்மினாவுக்கு என்ன சேதம் என்று பார்க்க. சங்க அறையில் அவளை நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார்கள். விபத்துக்குச் சாட்சி வேண்டும் என்பதால் அடெய்ல்டோவையும் ஊன்றுகோலோடு கூட்டிப்போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். ஒருவர் மூக்கில்லாமல், ஒருவர் காலில்லாமல், பல் மருத்துவர் வாசலில் காத்திருக்கும் தம்பதி மாதிரி இருந்தார்கள்.

இளைஞர் மூக்கை அளந்தார். டார்ச் அடித்து மூக்குத் துவாரத்துக்குள் பார்த்தார். மூன்று பக்கமிருந்தும் படம் எடுத்தார். “மெதுவா, மெதுவா” என்று தானே சொல்லிக்கொண்டு அவள் தலையைத் திருப்பினார். பிறகு தாளை எடுத்தார்.

“விபத்து நடந்தப்ப நீங்க எங்க சார் இருந்தீங்க?”

“இந்தம்மா பாவாடைக்குள்ள.”

இளைஞர் “உள்ளே… இருந்தார்” என்று எழுதினார். “பொம்மை விழுந்ததும் முதல்ல என்ன பண்ணுனீங்க?”

“அவளுக்குக் கீழ படுத்திருந்தேன். நான் இல்லேன்னா கன்னமும் போயிருக்கும்.”

“அப்ப, சேதத்தைக் குறைச்சது நீங்கதான்.” அதையும் மரியாதையாக எழுதிக்கொண்டார். அப்போதுதான் மாவுக்கட்டைப் பார்த்தார். “ஓ! உங்களுக்கும் பட்டுச்சா? உங்க காலை எந்தக் கம்பெனி பாக்குது?”

“குலுக்கல் கம்பெனி” என்றார் அடெய்ல்டோ.

“கேள்விப்பட்டதில்லையே.”

“அதை மூடிட்டாங்க.”

ஒரு வாரத்தில் பணம் வந்தது. மூக்குக்கு. கார்னிவல் வெள்ளிக்கிழமை ஃபிர்மினா புது மூக்கோடு, முன்பைவிட இரண்டு விரற்கடை நீளமாக, வேறு ஒருவரின் தோளில் எங்கள் தெருவழியாகப் போனாள். அடெய்ல்டோ ஜன்னல் கட்டையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். ஜன்னலுக்கு நேரே வந்ததும் அவள் குனிந்து வணக்கம் வைத்தாள். உள்ளே இருந்தவர் செய்த மரியாதை. அவர் சிரித்து, கை தட்டி, “இடுப்பை ஆட்டுடா, சவம் தூக்குற மாதிரி தூக்காத!” என்று கத்தினார். பிறகு ஜன்னலை மூடிவிட்டார். கார்னிவலில் ஜன்னலை மூடிய வீடு எங்கள் தெருவில் அது ஒன்றுதான்.

விடுதிக்காரர் நல்லவர். தவக்காலத்தின் இரண்டாம் வாரம் வரைக்கும் காத்திருந்தார். “நான் உக்காந்துகிட்டே ஒட்டிடுவேன்” என்று அடெய்ல்டோ சொல்லிவைத்திருந்தார். அதை நிரூபிக்க ஒருநாள் போனார். சின்னச் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு, முதல் குளியலறையில் இறங்கினார். பலகைக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஈரத் தரையில் ஒரே ஓட்டமாக ஓடி, சாந்துத் தொட்டியில் போய் நின்றது. கால் முழங்கால்வரை உள்ளே. ஒட்டுச் சாந்து சீக்கிரம் இறுகும் நல்ல சாந்து, அவரே தேர்ந்தெடுத்தது. மருத்துவமனையில் மாவுக்கட்டின் மேல் இருந்த சாந்தைக் கொத்தனார் உளியால்தான் உடைத்தார்கள்.

“இதுமாதிரி பலமான கட்டு நான் போட்டதேயில்ல” என்றார் மருத்துவர். “இன்னும் மூணு வாரம் சேத்துக்குங்க.”

பதினான்கு குளியலறைகளும் பௌலிஸ்டா ஊர்க்காரர் ஒருவருக்குப் போயின. லிண்டினால்வா சாயங்காலங்களில் ஒரு திருமண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போனாள். காலையில் சோளப் புட்டு, இரவில் சோளப் புட்டு, நடுவில் எலுமிச்சைச் சாறு. ஏப்ரல் மாதம் பைக்கை விற்றார்கள். வாங்க வந்தவர், “இன்சூரன்ஸ் இருக்கா?” என்று கேட்டார்.

“டிசம்பர் வரைக்கும் இருக்கு” என்றார் அடெய்ல்டோ. சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்த்தார், பைக்கைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. வாங்க வந்தவர் பயந்துபோய் விலையில் நூறு கூட்டிக் கொடுத்தார். அன்று மாலை அடெய்ல்டோ மாடிப்படியின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா ஊர்சுற்றி, கீழ வா. எட்ஜானியைக் கூப்பிடு. இப்பவே வரச் சொல்லு.”

“கார்னிவல் முடிஞ்சுதானே இருக்கு?” என்றேன்.

“அதான் கூப்பிடச் சொல்றேன்.”

எட்ஜானி பையோடு வந்தாள். முதலில் அரசாங்கச் சந்தாவை மறுபடி தொடங்கி வைத்தாள். பிறகு கொய்யா வாசனையோடு விண்ணப்பம் மேசைக்கு வந்தது. கேள்வி கேட்டபடி நிரப்பினாள்.

“தொழில், டைல்ஸ். உயரமான இடத்துல வேலை உண்டா?”

“உயரத்துல இருக்கிறது ஃபிர்மினா தலை. என் தலை தரையிலதான்.”

“பொழுதுபோக்கு?”

“அதை எழுதாத மச்சினி. பொம்மை தூக்குறேன்னு எழுதினா மாசப் பணம் அதிகமா கேப்பான்.”

“எழுதுவேன். இன்னிக்கு நாம மறைச்சா, நாளைக்குப் பணம் கேக்கும்போது அவன் மறைஞ்சிடுவான்.” பொம்மை தூக்குகிறவர்களுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை. அவள் கொஞ்சம் யோசித்து, ‘ஓய்வு நேரத்தில் பாரம் சுமந்து நடனம்’ என்று எழுதினாள். “இன்னொண்ணு. முதல் பதினஞ்சு நாளுக்கு ஒண்ணும் வராது. அதுக்கு அப்புறம்தான் நாள்கணக்கு. அந்தப் பதினஞ்சு நாளைக்கு நீங்களே கொஞ்சம் சேத்து வைக்கணும்.”

“அதுக்குத் தெரு போதும்” என்றார் அடெய்ல்டோ. “பதினஞ்சு நாளுன்னா ஒரு சேவல்.”

கம்பெனி கொஞ்சம் கூடத்தான் கேட்டது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுச் செலவு. மே மாதம் அவர் மண்டி போட்டார். முதல் டைலை ஒட்டி, தட்டிக் கேட்டு, கண் கலங்கினார். சாந்துத் தூசி என்று சொன்னார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவர் நம்மைப்போல ஒரு சாதாரண புத்திசாலி. ஆனால் ஃபிர்மினாவைச் சுமக்க ஐந்து பேர் உண்டு. ஆளுக்கு இருபது நிமிடம் என்று மாற்றிமாற்றிச் சுமப்பார்கள். அடெய்ல்டோ போக, ஒருவர் மீன் வெட்டுகிறவர், ஒருவர் பஸ் ஓட்டுநர், ஒருவர் பெயின்டர், ஒருவர் தபால்காரர். அடுத்த ஜனவரியில் தலைவர் இல்டெப்ராண்டோ ஃபிர்மினாவின் இன்சூரன்ஸைப் புதுப்பித்தபோது அடெய்ல்டோ அவரிடம் போனார்.

“தலைவரே, அதே கம்பெனி. அஞ்சு பேருக்கும் சேத்து ஒரே பாலிசி. சங்கம் எடுக்கணும். எட்ஜானி பேசி வச்சிருக்கா. உங்க கையெழுத்துதான் பாக்கி.”

“அடெய்ல்டோ, சங்கத்துப் பணம் சங்கத்துச் சொத்துக்கு. ஆளுங்க சங்கத்துச் சொத்து இல்லையே. பொம்மைக்குக் கீழ யார் இருந்தாலும் பொம்மை பொம்மைதான்.”

“கீழ யாருமே இல்லேன்னா?”

“விளையாடாதப்பா” என்றார் தலைவர்.

கார்னிவலுக்கு முந்தைய ஊர்வலங்களில் முதல் ஞாயிறு. சரிவின் அடியில் கூட்டம் நெரிந்தது. முப்பது வாத்தியங்கள் வாயருகே. ஜோசுவெல் தைத்த உதட்டோடு முன்வரிசையில். ஃபிர்மினா தன் தாங்கிமேல் நின்றுகொண்டிருந்தாள், பாவாடை காற்றில் ஆடியது, உள்ளே யாரும் இல்லை. சுமக்கிற ஐந்து பேரும் ஓரமாக வரிசையாய் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். எட்ஜானி கம்பெனி ஒப்புதல் தந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் இன்றைக்கே செல்லும்.

“ஏறுங்கப்பா, நேரமாச்சு!” என்றார் தலைவர்.

“தலைவரே, எனக்கு இருக்கு” என்றார் அடெய்ல்டோ. “என் பேர்ல தனியா எடுத்துட்டேன். இந்த நாலு பேருக்கு இல்ல. இவங்களுக்கு இல்லாம நான் ஏறமாட்டேன். எலுமிச்சை பேர் கேட்டு உருளாது.”

கூட்டத்தில் விஷயம் பரவியது. யாரோ “கையெழுத்து!” என்றார்கள். டிரம் அடிக்கிறவர் அதற்கு ஒரு தாளம் போட்டார். அவ்வளவுதான். முந்நூறு பேர் குடையை ஆட்டிக்கொண்டு, “கை-யெ-ழுத்து! கை-யெ-ழுத்து!” என்று குதிக்க ஆரம்பித்தார்கள். பாதிப்பேருக்கு எதற்கென்று தெரியாது. தாளம் நன்றாக இருந்தது.

தலைவருக்கு அறுபத்துநான்கு வயது. ரோஷக்காரர். தொப்பியை என்னிடம் கொடுத்தார். “என்னமோ இவங்கதான் பெரிய பலசாலிங்க மாதிரி! இருபது வயசுல நானும் தூக்கியிருக்கேன். நகருங்க!” என்று பாவாடையைத் தூக்கி உள்ளே நுழைந்துவிட்டார்.

“தலைவரே, வேணாம்!” என்று ஐந்து பேரும் கடலையைப் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

ஃபிர்மினா எழுந்தாள். கூட்டம் ஆரவாரித்தது. ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடி எந்தப் பக்கம் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. மூன்றாவது அடியில் மெல்ல, மிக மெல்ல, ஒரு ராணி அரியணையில் அமர்வதுபோல முழங்கால் மடிந்து கீழே இறங்கினாள். மூக்கு ஜோசுவெலின் தோளில் சாய்ந்தது. ஐந்து பேர் பத்துக் கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியங்கள் நின்றன.

வயிற்று ஓட்டையிலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அடெய்ல்டோ சட்டத்தைத் தோளில் தாங்கியபடி ஓட்டையருகே குனிந்தார். “தலைவரே, எப்படி இருக்கு உள்ள?”

“இருட்டா இருக்குப்பா.”

“கால்?”

“இருக்கு. இப்போதைக்கு இருக்கு.” கொஞ்ச நேரம் மூச்சு. பிறகு, “எங்க போடணும்?”

எட்ஜானி ஓடிவந்து தாளையும் பேனாவையும் ஓட்டைக்குள் நீட்டினாள். ஒரு கை மட்டும் வெளியே வந்து வாங்கிக்கொண்டது. தாளை எதன் மேல் வைத்துப் போட்டாரோ தெரியாது. திரும்பி வந்தபோது கையெழுத்து சரிவைப் போலவே இறங்கியிருந்தது.

“மச்சான், ஆறாவதா ஒரு பேர் சேத்திருக்காரு” என்றாள் எட்ஜானி, தாளைப் பார்த்து.

“யாரு?”

“இவரையேதான்.”

“சேத்துக்கோம்மா” என்றது வயிறு. “முதல்ல என்னை வெளிய எடுங்க!”

அன்றைக்கு முதல் முறை அடெய்ல்டோதான். பட்டையைத் தோளில் மாட்டி, ஒரு மூச்சு இழுத்து எழுந்ததும் ஃபிர்மினா வானத்தை முட்டினாள். ஜோசுவெல் டிராம்போனை உயர்த்தினார். சரிவு முழுக்க மனிதர்கள் துள்ளினார்கள். வழக்கம்போல, வழியெல்லாம், பாவாடையின் பிளவு வழியாகக் கைகள் உள்ளே நுழைந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு சின்ன டம்ளர் சாராயம். சுமக்கிறவனுக்கு ஊர் தரும் மரியாதை அது.

நான் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். டம்ளர்கள் உள்ளே போன வேகத்தில் ததும்பத் ததும்ப வெளியே வந்தன.

“என்ன மச்சான், உடம்பு சரியில்லையா?” என்று கத்தினார் ஒரு கிழவர்.

“குடிச்சிட்டு விழுந்தா கம்பெனி குடுக்காதாம்! பாலிசில மூணாம் பக்கம்!”

“அட, இது என்ன அநியாயம்?”

“தண்ணி இருந்தா குடுங்க!”

கிழவர் முகத்தைச் சுளித்தார். எங்கள் ஊர்க் கார்னிவலில் தண்ணீர் கேட்டவர்களை அவர் பார்த்ததில்லை. தேடித்தேடிக் கடைசியில் ஒரு குழந்தையின் பாட்டிலைக் கடன் வாங்கி உள்ளே நீட்டினார். பாட்டில் காலியாக வெளியே வந்தது. ஃபிர்மினா திரும்பி அந்தக் குழந்தைக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, இரண்டு கையும் வட்டமாய்ப் பறக்க, மேட்டில் ஏறினாள்.